மயில் படம் போட்ட அரிசிப்பை

நான்காவது கம்பிதான் எப்போதும் சண்டைக்கு நிற்கும். முதல் மூன்றும் இரும்பு வளையத்தின் துளைகளுக்குள் மரியாதையாகப் போய் உட்கார்ந்துவிடும். நான்காவதை மாட்டும்போது கறுப்புத் துணி முழுவதும் விறைத்து, கம்பி வளைந்து, கை சற்றுத் தளர்ந்தாலும் முகத்தில் அறையப் பார்க்கும். மரியமலர் பெட்டியின் விளிம்பை வயிற்றோடு அணைத்து, வளையத்துக்கு முழங்காலால் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். டக்கென்று கம்பி இறங்கியது. பெருவிரல் மூட்டு விண்ணென்று வலித்தது. இன்னும் மூன்று பெட்டிகள் இருந்தன.

காலை ஆறு இருபது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, நெக்கார் ஆற்றோரத்தில் இருந்த ஓர் ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு மண்டபம் அது. இறப்பர்த் தரை நாற்றமும் பழைய சப்பாத்து நாற்றமும் கலந்து மூக்கில் ஏறின. வெப்பமூட்டி ஏழு மணிக்குத்தான் சூடாகும் என்று சொல்லிவிட்டு, சாவியோடு வந்த ஹவுஸ்மைஸ்ரர், பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பவர், கோப்பி குடிக்கப் போய்விட்டார். எட்டு மணிக்கு முதல் வகுப்பு வரிசையாக வந்து நிற்கும். பன்னிரண்டரைக்குள் முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, படம் எடுத்து, எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்ப் பாலர் பள்ளிக்கு ஓட வேண்டும். 2006ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதம். உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடிகள் சில மாடிகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

சொஃப்ட்பொக்ஸ் என்பது அதற்குக் கடைக்காரன் வைத்த பெயர். இவர்களுக்கு அது வெறும் பெட்டி. கறுப்புத் துணிக்கூடு, உள்ளே வெள்ளிப் பூச்சு, முன்னால் வெள்ளைத் துணி. மடித்தால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம், விரித்தால் ஒரு கதவின் அகலம். ஃபிளாஷ் விளக்கை அதன் பிடரியில் பூட்டி, மூன்றுகால் தாங்கியில் ஆளுயரத்துக்கு மேலே ஏற்றினால், கண்ணைக் குத்துகிற வெளிச்சத்தை வாங்கி வடித்துப் பிள்ளைகளின் கன்னத்தில் பதமாக விடும். படத்தை வாங்குகிற தாய்மாருக்குப் பிள்ளையின் சிரிப்புத் தெரியும். பெட்டியைத் தூக்கி நிற்கிற மூன்று மெல்லிய கால்கள் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதுதான் நல்ல வேலை என்று முதலாளி ஸ்ரனிஸ்லாஸ் அடிக்கடி சொல்வார்.

அவரிடம் வேலை செய்தவர்கள் நான்கு பேர். கமராவைப் பிடிப்பவர் விமலநாதன், ஐம்பதைத் தாண்டியவர், எதையும் இரண்டு முறை சரிபார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வான் ஓட்டுவதும் சாமான் இறக்குவதும் அம்புறோஸ். பெட்டிகளைக் கட்டி, வெளிச்சம் வைத்து, பிள்ளைகளின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்து நிறுத்துவது மரியமலரும் அன்ரனிற்றாவும்.

பெட்டி காற்றைக் கண்டால் வள்ளத்துப் பாயாகிவிடும். தாங்கியின் தலையில் நாலைந்து கிலோ, காலில் ஒன்றுமில்லை. காலில் பாரம் வைத்தே ஆக வேண்டும். கடையில் விற்கிற மணல்பைகளை ஸ்ரனிஸ்லாஸ் வாங்கித் தராததால், விமலநாதன் தானே ஒரு வழி கண்டார். பத்துக் கிலோ பாஸ்மதி அரிசி வருகிற தடித்த துணிப்பையை எந்தத் தமிழ் வீட்டிலும் எறிவதில்லை. அப்படி நான்கு பைகளைச் சேர்த்து, கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய மணலை நிரப்பி, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினார். பையின் நடுவில் தோகை விரித்த மயில். நான்கு வருடமாக நான்கு மயில்களும் தாங்கிக்கு இரண்டாகக் காலடியில் படுத்துக் கிடந்தன. ஒரு பெட்டியும் சரியவில்லை.

செப்டெம்பரில் ஸ்ரனிஸ்லாஸ் ஒரே மண்டபத்தில் இரண்டு வரிசை ஓடவேண்டும் என்று முடிவெடுத்தார். சாமான் இரட்டிப்பானது, ஆட்கள் அதே நான்கு பேர்.

“வானுக்குள்ளை இனி அந்த மூட்டையளுக்கு இடமில்லை,” என்றார். “அதோடை, போன கிழமை ஒரு தலைமையாசிரியை கேக்கிறாள், இங்கை சமையலும் நடக்குதோ எண்டு. எனக்கு முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை. உந்த அரிசிப்பையளை இனி நான் காணக்கூடாது.”

இரண்டு பைகளைத் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். மற்ற இரண்டையும் விமலநாதன் சத்தம் போடாமல் தன் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோனார். முதலாளி என்றாலும் அவர் அண்ணை. வீடு பிடித்துக் கொடுத்தவர், அன்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர், அம்புறோஸின் மகனுக்கு ஞானத்தகப்பன். மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் முன்வரிசை வாங்கில் இருப்பவர். அப்படிப்பட்ட மனிதரிடம் மணல் கேட்டு நிற்க யாருக்கு வாய் வரும்?

ஆற்றோர மண்டபத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை, மூன்றாவது பெட்டியைத் தாங்கியில் ஏற்றிவிட்டு அன்ரனிற்றா அதன் முன்துணியை மாட்டப் போனாள். வெளிச்சம் பார்க்க விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சூடான தூசியின் மணம் எழுந்தது. அந்த நேரம் பின்திரைச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு அம்புறோஸ் பக்கக் கதவை முதுகால் தள்ளித் திறந்தான். ஆற்றங்கரைக் காற்று கதவடியிலேயே காத்து நின்றதுபோல உள்ளே பாய்ந்தது. பெட்டி ஒரு முறை உப்பியது. தாங்கியின் ஒரு கால் தரையைவிட்டு எழும்பியது.

“விடு! அன்ரனிற்றா, விடு!” என்று மரியமலர் கத்தினாள்.

அன்ரனிற்றா விடவில்லை. விளக்கு உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவளுக்கு. இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்கப் போனாள். முழுப்பாரமும் அவள்மேல் சரிந்து, விளக்கின் கண்ணாடிக் குமிழி அவளுடைய வலது உள்ளங்கைக்குள் உடைந்தது. தரையில் இருந்த கூடைப்பந்துக் கோடு சிவப்பானது. அவள் அழவில்லை. “லைற் உடைஞ்சுபோச்சோ அக்கா?” என்றுதான் கேட்டாள்.

அம்புறோஸ் வானை விரட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் மரியமலரின் கைத்தொலைபேசி அடித்தது.

“மலர், நான் சொல்றதைக் கவனமாக் கேளும்,” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். “வேலையிடம் எண்டு ஒரு சொல் வரக்கூடாது. வீட்டிலை, குசினியிலை, கிளாஸ் உடைஞ்சு வெட்டினது. விளங்குதோ? வேலை விபத்தெண்டால் பேகேக்காரன் வருவான். வந்தானெண்டால் பள்ளிக்கூடப் படங்களை எங்களிட்டைத் தாற கொம்பனிக்காரன் எங்களிட்டை இருந்து வேலையைப் பறிச்சுப் போடுவான். பிறகு நான் மட்டுமில்லை, எல்லாரும் நடுறோட்டிலை.”

“அண்ணை, கை சரியான மோசமாக் கிடக்கு...”

“கையை டொக்ரர் பாப்பார். நீர் சொல்லவேண்டியதைச் சொல்லும்.”

பேகே என்பது வேலையிடத்து விபத்துகளைப் பொறுப்பேற்கும் காப்புறுதிச் சங்கம். நாலு மணித்தியால வேலைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. இது மரியமலருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவள் சொன்னாள். அகதி விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இப்படித்தான். உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று வாசலில் ஓர் அண்ணை சொல்லிக்கொடுப்பார், உள்ளே போய் அதை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்க வேண்டும். பதினைந்து வருடத்தில் அந்தப் பழக்கம் நாக்கிலேயே ஊறிவிட்டது. அன்ரனிற்றாவுக்கு ஜெர்மன் குறைவு என்பதால் கேள்விகள் எல்லாம் மரியமலரிடமே வந்தன.

“வீட்டிலா நடந்தது?” என்று நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்த பெண் வைத்தியர் கேட்டார்.

“ஆம். வீட்டில்.”

வைத்தியர் காயத்திலிருந்து எடுத்த மெல்லிய, வளைந்த கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அன்ரனிற்றாவின் காலிலிருந்த வேலைச் சப்பாத்தைப் பார்த்தார்.

“காலை ஏழு மணிக்கு, குசினியில்?”

“ஆம்,” என்றாள் மரியமலர் மறுபடியும். வைத்தியர் எழுதினார். அந்தப் பேனாவின் கீச்சொலி அவள் காதுக்குள் போய் இருந்துவிட்டது.

அடுத்த பன்னிரண்டு நாட்களும் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த அடுப்பைத் துடைத்தாள். எஸ்-பான் ரயிலில் இடம் கிடைத்தாலும் கதவோரம் நின்றாள், ஒரு தரிப்பிடம் முந்தி இறங்கி நடந்தாள். “உனக்கென்ன, காலுக்குள்ளை எறும்போ?” என்று புருஷன் கேட்டதற்கு அவன்மேலேயே எரிந்து விழுந்தாள். வேலைக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். நான்கு பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்தார்கள். பாரம் இல்லாத தாங்கிகள் ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் தலையாட்டின. அவள் ஒரு கையால் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு மறுகையால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபிளாஷ் ஏறும்போது வரும் அந்த மெல்லிய சீழ்க்கைச் சத்தம் முன்பெல்லாம் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அது கேட்கும்போதெல்லாம் பல் கூசியது.

தையல் வெட்ட நாள் குறித்துக் கொடுத்த தெர்மீனுக்கு அவளே அன்ரனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போனாள். காயம் மூடியிருந்தது. வைத்தியர் பெருவிரலைச் சுண்டுவிரலோடு தொடச் சொன்னார். பெருவிரல் பாதி வழி வந்து நின்றது. மறுபடி சொன்னார். அன்ரனிற்றாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது, விரல் அசையவில்லை.

“நரம்பும் தசைநாரும் பழுதுபட்டிருக்கின்றன,” என்றார் வைத்தியர். “நீண்ட நாள் பயிற்சி வேண்டும், இன்னொரு சத்திரசிகிச்சையும் வேண்டிவரலாம். வேலை விபத்து என்றால் கைக்கென்றே இருக்கிற இடத்துக்கு அனுப்பியிருப்பேன். இது வீட்டில் நடந்தது, அல்லவா?”

அவர் பார்வையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. அறை முழுவதும் மருந்து வாசனை. அன்ரனிற்றா ஒன்றும் விளங்காமல், மடியில் கிடந்த கையை யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை,” என்றாள் மரியமலர். “வீட்டில் இல்லை. நான் பொய் சொன்னேன்.”

வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஆனால் சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மண்டபம், காற்று, பெட்டி, தொலைபேசி எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியர் திட்டவில்லை. அது ஒருவிதத்தில் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு படிவத்தை அச்சடித்து நீட்டினார். “முதலாளி அறிவிக்காவிட்டால் நீங்களே அறிவிக்கலாம். எப்போது, எங்கே, எப்படி, யார் பார்த்தார்கள். ஒருவர் எழுதினால் அவருடைய பேச்சு என்பார்கள். பார்த்த எல்லோரும் எழுதினால் நல்லது.”

வெளியே வந்ததும் அன்ரனிற்றா அழுதாள். கை வெட்டுப்பட்ட அன்று வராத கண்ணீர் எல்லாம் அப்போது வந்தது.

“என்னத்துக்கு அக்கா சொன்னனீங்கள்? ஸ்ரனி அண்ணை தந்த வேலைக் கடிதத்தைக் காட்டித்தானே விசா நீட்டினது. மாசியிலை திரும்பப் போகோணும். அவர் இனிக் கடிதம் தருவாரே?”

“உன்ரை கை மடங்கேல்லையடி.”

“மடங்காத கையோடை இருக்கலாம். விசா இல்லாமல் இருக்கேலுமே?”

மரியமலர் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் ஃபொயர்பாக்கிலுள்ள சாமான் அறையில் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். நல்ல கம்பளிக் கோட்டு, கையில் எல்லோருக்கும் வாங்கிய றோல்ஸ் பலகாரப் பொதி. பொதியை மேசையில் வைத்துவிட்டு மரியமலரைப் பார்த்தார்.

“டொக்ரரிட்டை என்னவோ கதைச்சனீராம்.”

ஊரில் கதை எப்படித்தான் ஓடுகிறதோ. அன்ரனிற்றாவின் புருஷன் பயத்தில் சொல்லியிருப்பான் என்று மரியமலர் ஊகித்தாள்.

“ஓம் அண்ணை. நடந்ததைச் சொன்னன்.”

“நடந்ததோ? நானும் இந்த நாட்டிலை கோப்பை கழுவினனான். கை வெட்டினால் துணியைச் சுத்திக்கொண்டு கழுவினனான். யாரிட்டைப் போய் எழுதிக் குடுத்தன்?”

“அப்ப உங்களுக்கு எழுதத் தெரியாது அண்ணை. எங்களுக்கு நீங்கள்தானே அன்ராக் நிரப்பப் பழக்கினீங்கள்.”

விமலநாதனுக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தார். ஸ்ரனிஸ்லாஸின் முகம் இறுகியது.

“சரி, எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ. கதவைத் திறந்தது ஆர் எண்டும் அதிலை எழுதவேணுமெல்லோ?” அவர் அம்புறோஸின் பக்கம் திரும்பினார். “என்னடா, சொல்லன். காத்து வந்த கதவு ஆர் திறந்தது? பேகேக்காரன் முதல் கேள்வி அதுதான் கேப்பான். கையைக் கெடுத்தவன் நீ எண்டு வரும். நான் உன்னைக் காப்பாத்தத்தானே வீடெண்டு சொல்லச் சொன்னனான்.”

அம்புறோஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஆறடி உயரமான மனிதன் ஒரு துணித்துண்டைப் பிழிந்துகொண்டு நின்றான். “நான் ஒண்டும் எழுதேல்லை, அண்ணை,” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். விமலநாதன் கமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றுமில்லை. றோல்ஸின் எண்ணெய் தாளில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

தனியாகத்தான் எழுத வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு மரியமலர் வீடு போனாள். கோபம் ஸ்ரனிஸ்லாஸ்மேல் அல்ல, அம்புறோஸ்மேல்தான் அதிகம் வந்தது. பிறகு தன்மேல் வந்தது. முதலில் வாய் திறந்து பொய் சொன்னது அவள்தானே.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசை இருந்தது. முதல் வாங்கில் ஸ்ரனிஸ்லாஸ் முழந்தாளிட்டிருந்தார். பூசை முடிந்து சனம் தேத்தண்ணிக்காக முற்றத்தில் கூடி நின்றபோது, அம்புறோஸ் நேரே மரியமலரிடம் வந்தான். இரண்டு இரவு நித்திரை இல்லாத கண்.

“அக்கா, அந்தப் பேப்பர் எங்கை?”

“ஏன்?”

“கதவைத் திறந்தது நான்தான். எழுதுங்கோ. ஆனால் பக்கக் கதவாலை இறக்கு, பத்து நிமிசம் மிச்சம் எண்டு சொன்னது ஆர் எண்டும் எழுதுங்கோ. கதவு எத்தினை தரம் திறந்திருப்பன் அக்கா நான்? நாலு வரியமாத் திறந்தனான். மயில் இருந்த மட்டும் ஒண்டும் விழேல்லை. என்ரை மகன்ரை ஞானத்தகப்பன் எண்டதுக்காக அன்ரனிற்றான்ரை கையை நான் முழுங்கேலாது.”

மரியமலருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். “வெள்ளிக்கிழமை இதைச் சொல்லியிருந்தால் றோல்ஸாவது சாப்பிட்டிருப்பம்,” என்றாள்.

மத்தியானம், அம்புறோஸின் முடிவைக் கேட்டு விமலநாதன் கூப்பிட்டபடி, எல்லோரும் அவர் வீட்டுக் குசினியில் இருந்தார்கள். அவர் பூசைக்கு வருகிற மனிதர் அல்ல. நெற்றியில் திருநீறு, அடுப்பில் பருப்பு. படிவத்தை நிரப்ப அவர்தான் பேனா எடுத்தார், ஏனென்றால் எழுத்து அழகு அவருக்கு. பாரப்பைகள் எப்போது, யாரால் எடுக்கப்பட்டன என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

“இரண்டு பை என்ரை நிலவறையிலைதான் கிடக்கு,” என்றார். “விழும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கொண்டு மணலைக் கொண்டுவந்து கீழை வைச்சிட்டு இருந்தனான். அதையும் எழுதுறன்.”

எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்ரனிற்றா மூலையில் இருந்தாள். விமலநாதனின் மனைவி கமலநாயகி அவளுக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டப் போனபோது, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

“விசா அலுவலகத்துக்கு ஆர் என்னோடை வாறது?” என்று கேட்டாள்.

“நாங்கள் எல்லாரும் வாறம்,” என்றாள் மரியமலர். “இந்தமுறை வாசலிலை ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. உள்ளதைச் சொல்லுவம்.”

அன்ரனிற்றா பேனாவை இடது கையில் எடுத்தாள். அவளுடைய பெயர் நீளமானது. ஒவ்வோர் எழுத்தும் கோணி, கோட்டைவிட்டு இறங்கிப் போனது. யாரும் உதவ முன்வரவில்லை, உதவக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி எழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

பின்னேரம் முழுவதும் வேறு ஒரு வேலை நடந்தது. நாளைக்கு இவர்களை நிறுத்தினால் ஸ்ரனிஸ்லாஸ் யார் யாரைக் கூப்பிடுவார் என்று நால்வரும் யோசித்தார்கள். தமிழர் கூட்டம் சின்னது, ஆறேழு வீடுகளுக்குமேல் வராது. அம்புறோஸ் வானை எடுத்தான். தங்கள் இடத்துக்கு வேலைக்குப் போகவேண்டாம் என்று கேட்க, ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்தார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை, ஒரு வீட்டில் “உங்களுக்கேன் வீண் தொல்லை” என்றார்கள். சிதம்பரம் என்ற பெடியனின் தாய் மட்டும் அன்ரனிற்றாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்ரை பிள்ளை உங்கடை இடத்துக்கு வரமாட்டான்,” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, அதே ஆற்றோரப் பள்ளிக்கூடம். அன்று அரைகுறையாக விட்டுப்போன வகுப்புகளை எடுத்து முடிக்க வேண்டியிருந்தது. மரியமலர் நான்காவது கம்பியோடு மல்லுக்கட்டி முடித்தாள். விமலநாதன் நிலவறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு மயில்களையும் இரண்டு தாங்கிகளின் காலடியில் வைத்தார். மற்ற இரண்டு தாங்கிகளுக்கு மணல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் மணலுக்கு எங்கே போவது? மரியமலர் தன் வீட்டு அரிசிப்பையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், தையல் பிரிக்காத முழுப்பை. அம்புறோஸும் அப்படியே ஒன்று கொண்டுவந்தான். வேலைக்கு வரவேண்டியிராத அன்ரனிற்றாவும் கைக்கட்டோடு வந்தாள். இடது தோளில் அவளுடைய பை தொங்கியது, பாதி அரிசிதான் இருந்தது. அதைப் பின்திரைத் தாங்கிக்கு வைத்தார்கள்.

ஏழே முக்காலுக்கு ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். ஐந்து மயில்களையும் பார்த்தார்.

“உதென்ன, கடை போட்டிருக்கிறியளோ?”

“பாரம் அண்ணை,” என்றாள் மரியமலர்.

“எடுங்கோ உதுகளை.”

“ஏலாது. பையை எடுத்தால் பெட்டியும் இறங்கும். எட்டு மணிக்குப் பிள்ளையள் வரும், நீங்களே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

விமலநாதன் படிவத்தின் பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார், மரியாதை குறையவில்லை. “வாற வழியிலை தபாலிலை போட்டாச்சு, ஸ்ரனி. நாலு பேரும் வைச்ச கையெழுத்து. நீர் ஒண்டு செய்யலாம். நீரும் உம்முடைய அறிவித்தலை இண்டைக்கே அனுப்பலாம். இனி ஒவ்வொரு காலுக்கும் பாரம், ஒவ்வொரு மண்டபத்துக்கும் போதிய ஆள். அவ்வளவுதான் நாங்கள் கேக்கிறது.”

ஸ்ரனிஸ்லாஸ் வாசித்தார். கோணல் எழுத்துக் கையெழுத்தில் அவர் கண் கொஞ்சம் நின்றது. பிறகு தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார்.

“உங்களுக்கு நான் செய்ததுக்கு நல்ல கைமாறு. நாளைக்கு வேறை நாலு பேரோடை வருவன். பாப்பம்.”

“வாங்கோ அண்ணை,” என்றான் அம்புறோஸ். இந்தமுறை அவன் தலை நிமிர்ந்திருந்தது. “ஆனால் நேற்று அவையின்ரை வீடுகளுக்கு நாங்கள் போயிட்டு வந்திட்டம். அன்ரனிற்றான்ரை கையை அவையும் பாத்தவை.”

ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, அந்த நேரம் ஹவுஸ்மைஸ்ரர் கோப்பிக் கோப்பையோடு பக்கக் கதவை அகலத் திறந்தார்.

காற்று பாய்ந்தது. நான்கு பெட்டிகளும் ஒரே நேரத்தில் உப்பின. கம்பிகள் முனகின, வெள்ளைத் துணிகள் படபடத்தன. எல்லோருடைய கையும் தானாக எழுந்தது, ஸ்ரனிஸ்லாஸின் கையும்கூட. அன்ரனிற்றா கட்டுப்போட்ட கையை நீட்டியபடி உறைந்து நின்றாள்.

தாங்கிகள் அசையவில்லை. ஒவ்வொன்றின் மூன்று கால்களும் இறப்பர்த் தரையில் அப்படியே ஊன்றி நின்றன.

அம்புறோஸ் போய்க் கதவைச் சாத்தினான். அன்ரனிற்றாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. “விழேல்லை அக்கா,” என்றாள். ஹவுஸ்மைஸ்ரர் மயில்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். “அரிசி,” என்றாள் மரியமலர் ஜெர்மனில். “எங்களுடையது.”

வெளி நடையில் பிள்ளைகளின் சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் கோட்டுப் பையில் கையை வைத்தபடி சுவரோரம் நின்றார், போகவில்லை. பேகேயிடமிருந்து பதில் வர வாரங்கள் ஆகும். நாளைக்கு இந்த மண்டபத்தில் யார் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மரியமலர் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். சீழ்க்கைச் சத்தம் ஏறி நின்றது. பல் கூசவில்லை. அன்ரனிற்றாவுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டுவிட்டு, முதல் வகுப்பு உள்ளே வரலாம் என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.